எண்ணெயை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

சென்னையில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மாதம் வாடகையைப் பற்றிப் புலம்புவார்கள், அடுத்த மாதம் முடி கொட்டுவதைப் பற்றி. உடனே ஷாம்பூவை மாற்றுவார்கள். அது சரிப்படாவிட்டால் விலை கூடிய எண்ணெய். குழாயில் வருவது உப்புத் தண்ணீர் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை முடிமேல் படிந்து சொரசொரப்பாக்குகின்றன, சிக்கு விழுகிறது, சீப்புப் போட்டால் அறுகிறது. இப்படி அறுவது வேறு, வேரோடு உதிர்வது வேறு. சீப்பில் மாட்டிய முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்த முடி. குமிழே இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்தால் நடுவில் அறுந்தது. இரண்டாவது வகைதான் அதிகம் என்றால், முடி வளர்க்கும் எண்ணெய்க்குச் செலவு செய்வது வீண்.

குளிக்கும் சோப்பையே தலைக்கும் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டுமே, அதே பிசுக்கு தலையிலும் ஒட்டும். ஷாம்பூவிலும் சீயக்காயிலும் இந்தத் தொல்லை இல்லை. முழுக் குளியலுக்கும் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர் கிடைக்காது, சரி. கடைசியாக அலசுவதற்கு மட்டும் அரை பக்கெட் எடுத்து வைத்தால் போதும். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தலைக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவ அது நல்ல தண்ணீர்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறும். துவைக்கும்போது முடி புரதத்தை இழப்பதைக் குறைக்கும். அதனால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முடியின் நீளம் முழுக்கத் தடவுவது நல்ல பழக்கம். தலைக்குக் குளித்த கையோடு மறுபடி வழிய வழியப் பூசி, வியர்வையோடும் ஓ.எம்.ஆர். சாலைப் புழுதியோடும் நான்கு நாள் அப்படியே விடுவதுதான் தவறு. பொடுகு இருந்தால் எண்ணெய் இன்னும் மோசம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குத் தலையில் உள்ள எண்ணெய்ப் பசைதான் தீனி. 'தலை காய்ந்துபோச்சு, எண்ணெய் வை' என்று பாட்டி சொல்வார். அவரிடம் வாதாட முடியாது என்றாலும், பூஞ்சையை அடக்க மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பூவைத் தலைத்தோலில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள்.

அடிக்கடி தலைக்குக் குளித்தால் முடி கொட்டும் என்ற பயமும் தேவையில்லை. நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் நடப்பது. வாரம் ஒருமுறை மட்டும் குளித்தால் ஒரு வாரத்துக் கணக்கு மொத்தமாகக் கையோடு வரும், பார்த்தால் பகீர் என்றிருக்கும். சென்னை வியர்வைக்கு வாரம் இரண்டு மூன்று முறை குளிக்கலாம்.

குளித்து வந்த பிறகு நடப்பதுதான் பெரிய அநியாயம். ஈர முடி வலுவிழந்திருக்கும். அதைத் துண்டால் பட்பட்டென்று அடிப்பது, மெல்லிய பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பது, ஆபீஸுக்கு நேரமாச்சு என்று ஈரத்தோடு இறுக்கிப் பின்னி மேலே ஹெல்மெட்டையும் மாட்டுவது, எல்லாம் முடியை அறுக்கும் வேலைகள். பழைய காட்டன் துணியால் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே போங்கள். தினமும் நெற்றி முடியை இழுத்து இறுக்கிக் கட்டினால் முன்தலை ஏறிக்கொண்டே போகும். பல வருடம் அப்படியே விட்டால் போன முடி திரும்பாது.

சமையலறை வைத்தியத்தில் வெந்தய விழுது, செம்பருத்தி இலை எல்லாம் முடியை வழவழப்பாக்கும், அவ்வளவுதான், தாராளமாகப் போடுங்கள். எலுமிச்சைச் சாறும் வெங்காயச் சாறும் அப்படியல்ல, சிலருக்குத் தோலே எரிந்து சிவந்துவிடும்.

மழைக்காலத்தில் டெங்குவோ கடும் காய்ச்சலோ வந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். பிரசவத்துக்குப் பிறகும் இப்படித்தான். அது பெரும்பாலும் தானாகவே நின்று, திரும்ப முளைக்கும். அந்தச் சமயத்தில் வாங்கிய எண்ணெய்க்குத்தான் பேர் கிடைக்கும். காய்ச்சல் எதுவும் இல்லாமலே மாதக்கணக்கில் உதிர்ந்தால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க வேண்டும். பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள், தைராய்டு ரிசல்ட்டை அது மாற்றிக் காட்டும். நாணயம் அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால் எதையும் தேய்க்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் தோல் நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, காலையிலேயே போய்விட வேண்டும்.