ஆட்டோஎஃப்எஸ் மவுண்ட் செய்யவில்லையா? முதலில் கையால் மவுண்ட் செய்து பாருங்கள்

லினக்ஸ் சர்வரில் என்எஃப்எஸ் ஃபோல்டர்களை, அதாவது நெட்வொர்க் வழியாக வேறொரு சர்வர் பகிரும் ஃபோல்டர்களை, தேவைப்படும் நேரத்தில் மட்டும் தானாக மவுண்ட் செய்து (நம் சிஸ்டத்தில் இணைத்து) தருவது ஆட்டோஎஃப்எஸ். அது மக்கர் செய்தால் பலரும் உடனே கான்ஃபிக் ஃபைலைத் திறந்து நோண்ட ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

/டேட்டா என்ற இடத்தை ஆட்டோஎஃப்எஸ்ஸிடம் விட்டிருக்கிறீர்கள், அதற்குள் ரிப்போர்ட்ஸ் என்ற ஃபோல்டர் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். /டேட்டாவில் எல்எஸ் அடித்தால் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அது கோளாறே இல்லை. /டேட்டா/ரிப்போர்ட்ஸ் என்று முழுப் பாதையையும் கொடுத்து சிடி செய்யுங்கள். அப்போதுதான் மவுண்ட் நடக்கும்.

படி 1: அப்படியும் வரவில்லையா? ஆட்டோஎஃப்எஸ்ஸை ஒதுக்கிவிட்டு, அதே ஃபோல்டரை மவுண்ட் கமாண்டால் /எம்என்டி-யில் ஏற்றிப் பாருங்கள். ஏறாவிட்டால் சிக்கல் நெட்வொர்க்கிலோ என்எஃப்எஸ் சர்வரிலோ இருக்கிறது. ஏறிவிட்டால் படி 3-க்குப் போங்கள்.

படி 2: என்எஃப்எஸ் 4-க்கு 2049 என்ற போர்ட் திறந்திருந்தால் போதும். பதிப்பு 3 என்றால் 111-ம் மவுண்ட்டி-க்கான (சர்வரில் மவுண்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் புரோகிராம்) போர்ட்டும் வேண்டும், ஃபயர்வாலில் பாருங்கள். சர்வர் பகிரும் ஃபோல்டர்களைப் பட்டியலிடும் 'ஷோமவுண்ட் -ஈ' பதில் தரவில்லை என்பதற்காக சர்வரே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதிப்பு 4 மட்டும் ஓடும் சர்வரில் அந்தக் கமாண்ட் வேலை செய்யாமல் போகலாம்.

அப்புறம், எந்த ஃபோல்டரை எந்தக் கிளையன்ட்டுக்கு (அதை மவுண்ட் செய்யும் கணினிக்கு) என்ன அனுமதியோடு பகிர்வது என்று சொல்லும் சர்வரின் /இடிசி/எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல். கிளையன்ட் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஸ்பேஸ் விழுந்தால் அர்த்தமே மாறிவிடும்: அடைப்புக்குறிக்குள் இருக்கும் அனுமதி ஊருக்கெல்லாம் போய்விடும், உங்கள் கிளையன்ட்டுக்குப் படிக்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். திருத்தியதும், மாற்றம் நடைமுறைக்கு வர 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' ஓட்டுங்கள்.

படி 3: இனி மேப் ஃபைல், அதாவது எந்தப் பெயருக்கு எந்த என்எஃப்எஸ் ஃபோல்டரை ஏற்ற வேண்டும் என்று ஆட்டோஎஃப்எஸ்ஸுக்குச் சொல்லும் ஃபைல். இங்கே புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது எக்ஸிக்யூட் பெர்மிஷன். மேப் ஃபைலுக்கு அது இருந்தால், ஆட்டோஎஃப்எஸ் அதைப் படிக்காமல் ஒரு புரோகிராமாக ஓட்டப் பார்க்கும். ஃபைலுக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும், மவுண்ட் மட்டும் நடக்காது. 'சிஎச்மோட் 644' கொடுத்தால் தீர்ந்தது. எந்த இடத்துக்கு எந்த மேப் என்று சொல்லும் ஆட்டோ.மாஸ்டர் ஃபைலில் கைவைத்திருந்தால் ஆட்டோஎஃப்எஸ்ஸை ரீலோட் செய்யவும் வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தோற்றுப்போன மவுண்டை ஆட்டோஎஃப்எஸ் வழக்கமாக 60 நொடிகள் நினைவில் வைத்திருக்கும். சரியாகத் திருத்திய பிறகும் அதே பிழை வருவது இதனால்தான். ஒரு நிமிடம் பொறுக்காமல், சரியான திருத்தத்தை அழித்துவிட்டு வேறு எதையோ மாற்றப் போனால் குழப்பம் இரட்டிப்பாகும்.

படி 4: இன்னும் பிடிபடவில்லையா? சர்வீஸை நிறுத்திவிட்டு, ரூட்டாக 'ஆட்டோமவுண்ட் -எஃப் -வி' ஓட்டுங்கள். இன்னொரு டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போங்கள். எந்த மேப்பைப் படிக்கிறது, எங்கே நிற்கிறது என்று திரையிலேயே வந்து விழும். என் கணக்கில், இணையத்தில் தேடுவதைவிட இது வேகமான வழி.

ஒரு எச்சரிக்கை: /ஹோம் முழுவதையும் ஆட்டோஎஃப்எஸ்ஸிடம் கொடுத்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் லோக்கல் யூசர்களின் ஃபோல்டர்கள் கண்ணில் படாது. அழியவில்லை, மறைந்திருக்கின்றன, சர்வீஸை நிறுத்தினால் திரும்பத் தெரியும். நெட்வொர்க் ஹோம்களுக்கு /ஹோம்/என்எஃப்எஸ் மாதிரி தனி இடம் கொடுத்துவிடுங்கள்.