பழைய பறிமுதல் வழக்குகளில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் 1906-ஆம் ஆண்டு தூய உணவு, மருந்துச் சட்டத்தின் கீழ் கெட்டுப்போன உணவைப் பறிமுதல் செய்த வழக்குகளைப் பற்றிப் புதியவர்கள் எழுதும் வரைவுகள் அடிக்கடி என்னிடம் திருத்த வருகின்றன. நான் விழுந்த குழியிலேயே ஒவ்வொருவராக வந்து விழுகிறார்கள். எழுத்துப்பிழை தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

'லைபல்' என்றால் அவதூறு அல்ல

தீர்ப்பு அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொல் 'லைபல்' (libel). அகராதி 'அவதூறு' என்று சொல்லும். நானும் நம்பி, "அழுகிய முட்டைகள் மீது அரசு அவதூறு வழக்குத் தொடர்ந்தது" என்று மொழிபெயர்த்தேன். முட்டை யாரைப் பற்றி அவதூறு பேசியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்! அச்சான பிறகு வக்கீல் நண்பர் ஒருவர் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். நாற்பது பக்கம் மறு அச்சு, செலவு என் தலையில்.

இங்கே 'லைபல்' என்பது, கப்பலையே பிரதிவாதியாக்கும் கடல்சார் சட்டத்தில் புழங்கும் மனு. 1906 சட்டத்தின் 10-ஆம் பிரிவு அந்த நடைமுறையை உணவுச் சரக்குக்கும் கொண்டுவந்தது. வழக்கு சரக்கின் மீதுதான், ஆள் மீது அல்ல. 1916-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கின் பெயரே "40 பீப்பாய்களும் 20 சிறு பீப்பாய்களும் கோகோ கோலா" (அங்கே பிரச்சினை அழுகல் அல்ல, காஃபீன்). சரக்கைக் கைப்பற்றுபவர் மார்ஷல், அதாவது கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரி. உரிமையாளர் வராவிட்டால் எதிர்ப்பில்லாமலே தீர்ப்பாகிவிடும். வந்தால் ஜூரி விசாரணை கேட்கலாம். அவரைத் தண்டிக்க வேண்டுமானால் அது தனி வழக்கு. இது புரியாததால்தான் "வியாபாரி தண்டிக்கப்பட்டார்" என்று கூசாமல் எழுதுகிறார்கள். போன வாரம்கூட ஒரு வரைவில் தக்காளிக் கூழ் மீது அவதூறு வழக்கு. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சரக்கு இறங்கியதும் அதிகாரம் போய்விடாது

செயின்ட் லூயிஸிலிருந்து பியோரியாவுக்குப் போன 50 டப்பா முட்டையில் போரிக் அமிலம் இருந்தது. பேக்கரி இருப்பில் சேர்ந்துவிட்டது, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணம் முடிந்தது, இனி கூட்டாட்சி அரசு பறிமுதல் செய்ய முடியாது என்று முட்டை நிறுவனம் வாதாடியது. 1911-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பிடித்ததெல்லாம் குப்பைக்குப் போகவில்லை

அழிப்பார்கள், விற்பார்கள், அல்லது பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடமே கொடுப்பார்கள். தீர்ப்பின் கடைசி வரி வரை படியுங்கள்.

சிகாகோ கோழி

விசாரணைக்கு முன்பே கெட்ட உணவைப் பிடித்து அழிக்கலாம் என்று 1908-இல் சொன்ன தீர்ப்பு, 47 பீப்பாய் கோழி இறைச்சி பற்றியது. ஆனால் அது நகராட்சி விதி. கூட்டாட்சிச் சட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேதி

கையெழுத்தானது 1906 ஜூன் 30. நடைமுறைக்கு வந்தது 1907 ஜனவரி 1. நடுவில் இந்தச் சட்டப்படி பறிமுதல் நடந்ததாக எழுதினால் வரைவு திரும்பி வரும்.