பிள்ளைக்கு முதல் வேட்டைத் துப்பாக்கி: உதையும் குறைவாக, விலையும் குறைவாக

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் வெள்ளைவால் மான் வேட்டையும் தொடங்கிவிடும். பள்ளியில் கூடப் படிப்பவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு "நானும் போகலாமாப்பா?" என்று வீட்டில் ஒரு பிள்ளை கேட்கும். துப்பாக்கியே பழக்கமில்லாத நம்மவர்கள் கடைக்குப் போய், இருப்பதிலேயே குட்டையான, எடையில்லாத துப்பாக்கியைத்தான் கையில் எடுப்பார்கள். சின்னப் பிள்ளைக்குச் சின்னத் துப்பாக்கி, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும்போது, எடை குறைந்த துப்பாக்கிதான் தோளில் பலமாக உதைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான விளக்கம் மட்டுமே. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

படி 1: கடைக்கு முன்னால் சட்டம்

உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ரைஃபிள் விற்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அதனால் பெற்றோர்தான் தம் பெயரில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்க வேண்டும். பிறகு பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கலாம்.

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்று விசா. கிரீன் கார்டு இருந்தால் சிக்கல் இல்லை. எச்-1பி, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கும். அது சாதாரணச் சிக்கல் இல்லை. உங்கள் நிலைமை இதுவென்றால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது வேட்டைக் கல்விப் பயிற்சி. டெக்சாஸில் 9 வயது ஆனால் சான்றிதழ் வாங்கலாம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் அங்கே இந்த விதி பொருந்தும், எனவே அப்பா அம்மாவும் சேர்ந்தே படித்துவிடலாம்.

படி 2: உதை எங்கிருந்து வருகிறது

குண்டு முன்னால் பாயும் அதே விசையில் துப்பாக்கி பின்னால் வரும். குண்டின் எடை, அதன் வேகம், உள்ளே எரியும் வெடிமருந்தின் அளவு, துப்பாக்கியின் எடை ஆகிய நான்கும்தான் கணக்கு. உதையை அடி-பவுண்டு என்ற ஆற்றல் அளவில் சொல்வார்கள். வழக்கமான எடையுள்ள துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டா வகைக்கும் தோராயமாக இப்படி இருக்கும்:

- .223 ரெமிங்டன்: 3 முதல் 4
- .350 லெஜண்ட்: 8 முதல் 9
- .243 வின்செஸ்டர்: 9 முதல் 10
- 6.5 கிரீட்மூர், 7எம்எம்-08: 12 பக்கம்
- .308 வின்செஸ்டர்: 16 முதல் 18
- .30-06: 20

தோட்டா மாறாமல் துப்பாக்கியின் எடை மட்டும் 8 பவுண்டிலிருந்து 6 பவுண்டாகக் குறைந்தால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். .243-இன் 10 அப்போது 13-ஐத் தாண்டிவிடும், அதாவது நடுத்தர எடையுள்ள 7எம்எம்-08-ஐ விட அதிகம். "இளையோர் மாடல்" என்று பெட்டியில் எழுதியிருப்பது நீளத்தைப் பற்றித்தான் சொல்கிறது, உதையைப் பற்றி அல்ல. பிள்ளையால் தூக்கிப் பிடிக்க முடிகிற அளவுக்குள் எவ்வளவு கனமாக வாங்க முடியுமோ அவ்வளவு நல்லது. வேட்டையில் பெரும்பாலும் மறைவிடத்தில் உட்கார்ந்து, தாங்கியில் வைத்துத்தான் சுடப் போகிறார்கள். ஒரு பவுண்டு கூடினால் கை ஒடிந்துவிடாது.

படி 3: தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள்

துப்பாக்கியைப் பார்த்து மயங்கிவிட்டு அப்புறம் தோட்டாவைத் தேடாதீர்கள். முதலில் உங்கள் மாநிலம் எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 கேலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்) வேண்டும், எனவே அங்கே .223 ஆகாது. ஒஹாயோவில் ரைஃபிள் என்றால், கழுத்து ஒடுங்காமல் கூடு நேராக இருக்கும் தோட்டாக்களுக்குத்தான் அனுமதி. 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட் அப்படிப்பட்ட மாநிலங்களுக்காகவே வந்தது. உதை குறைவு, மருந்தும் குறைவு. அந்த ஊர்களில் இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

மற்ற இடங்களில் என் முதல் தேர்வு .243 வின்செஸ்டர். 1955-இல் .308-இன் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: .243 பெட்டிகளில் இரண்டு ரகம் உண்டு. 55 முதல் 75 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வரையிலான இலேசான குண்டுகள் பெரும்பாலும் நரி, கொயோட்டி போன்ற சிறு விலங்குகளுக்கானவை, பட்டவுடன் உடைந்து சிதறும். மானுக்கு 95 முதல் 100 கிரெயின் வரை, மானுக்கென்றே செய்த குண்டு வேண்டும். விலை குறைகிறதே என்று மாற்றி வாங்கினால் மான் காயத்தோடு ஓடிவிடும். அதுபோல ஒரு கொடுமை இல்லை.

பிள்ளை சற்று வளர்ந்தவர், பின்னால் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கும் ஆசை வரலாம் என்றால் 1980-இல் வந்த 7எம்எம்-08 நல்லது. இதற்கு ஹார்னடி நிறுவனத்தின் கஸ்டம் லைட் போன்ற, உதை குறைத்த தோட்டாக்களும் விற்கிறார்கள். தொடக்கத்தில் அவற்றைச் சுட்டுவிட்டுப் பின்னால் முழுத் தோட்டாவுக்கு மாறலாம்.

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று நண்பர் தரும் .30-06 மட்டும் வேண்டாம். முதல் குண்டிலேயே பிள்ளை பயந்துவிட்டால், அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்காகும்.

படி 4: உடம்புக்குப் பொருந்துகிறதா

தோளில் அழுத்தும் பின்தட்டிலிருந்து, விரலால் இழுக்கும் விசை (டிரிகர்) வரையுள்ள நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான துப்பாக்கிகளில் இது சுமார் 13.5 அங்குலம், இளையோருக்கானவற்றில் 12 முதல் 12.5. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று நீங்களும் கடைக்காரரும் பார்த்த பிறகு, பிள்ளையின் முழங்கையை செங்கோணமாக மடக்கச் சொல்லி, முழங்கை மடிப்பில் பின்தட்டை வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட்டால் அளவு சரி. வேட்டை குளிர்காலத்தில் என்பதால் கனமான கோட்டைப் போட்டுக்கொண்டே அளந்து பாருங்கள்.

நீளம் அதிகமானால் பிள்ளை பின்னால் சாய்ந்து பிடிக்கும். அப்போது சின்ன உதைகூடப் பெரிதாகத் தெரியும். எந்தக் கண் வலுவானது என்பதையும் பார்த்துவிடுங்கள். தூரத்துப் பொருளை விரலால் காட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால் போதும். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுதான். இடது கண் என்றால் இடக்கை மாடலையும் விசாரியுங்கள்.

படி 5: எந்த மாடல்

400 முதல் 600 டாலருக்குள் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும், நல்ல போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள் கிடைக்கின்றன. மாஸ்பெர்க் பேட்ரியாட் யூத் சூப்பர் பாண்டமில் ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் பின்கட்டையின்) நீளத்தை 12-இலிருந்து 13 அங்குலம் வரை கூட்டலாம், பிள்ளை வளர்ந்தாலும் இரண்டு மூன்று வருடம் ஓடும். வாங்கியதை உடனே மாற்ற மனமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். சாவேஜ் ஆக்சிஸ் விலையில் இறங்கும், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புடனே விற்பார்கள். ஆனால் பழைய ஆக்சிஸில் விசை இறுக்கமாக இருக்கும், எனவே அக்யூட்ரிகர் என்ற, இலேசாக இழுபடும் விசை உள்ள ஆக்சிஸ் 2-ஐக் கேளுங்கள். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் நல்ல வேலைப்பாடு, 18 அங்குலக் குழல், எடை 6 பவுண்டுதான். முன்பு சொன்ன எடைக் கணக்கு இங்கே பொருந்தும்: அதை .243-இல் வாங்கலாம், .308-இல் பிள்ளைக்கு வேண்டாம். குழல் குட்டையானால் சத்தமும் கூடும்.

குழல் முனையில் பொருத்தும் மசில் பிரேக் உதையைக் குறைக்கும் என்று யாராவது விற்கப் பார்ப்பார்கள். குறைக்கும்தான், ஆனால் சத்தம் காதைக் கிழிக்கும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வதற்கு உதை எவ்வளவு காரணமோ சத்தமும் அவ்வளவு காரணம். அந்தக் காசுக்கு நல்ல ரப்பர் பின்தட்டு வாங்கிப் போடுங்கள்.

படி 6: காது, கண், ஸ்கோப்

துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரு முறையே செவியைக் கெடுக்கப் போதும். பயிற்சியில் காதுக்குள் நுரை அடைப்பானும் மேலே காதுமூடியும், இரண்டும் சேர்த்து. பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்முனைக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உதைக்கும்போது ஸ்கோப் புருவத்தில் கீறிவிடும்.

படி 7: பழக்கும் வரிசை

முதலில் .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. உதை இல்லை என்றே சொல்லலாம், தோட்டாவும் மலிவு. அதில் சுட்டுச் சுட்டுக் கை பழகிய பிறகே .243-ஐக் கொடுங்கள். முதலில் 25 கெஜம், அப்புறம் 100. பயிற்சி மேசையில் உட்கார்ந்து சுட்டால் உடம்பு உதையோடு பின்னால் போக முடியாது, அதனால் வலி அதிகமாகத் தெரியும். தோளுக்கும் பின்தட்டுக்கும் நடுவில் சின்ன மணல் பையை வைக்கலாம், ஸ்கோப்பைப் பொருத்திச் சரிபார்க்கும் வேலையைப் பெரியவர்களே செய்துவிடலாம். பிள்ளை ஐந்தாறு குண்டு சுட்டால் அன்றைக்குப் போதும்.

கண் சிமிட்டுகிறதா என்று பார்க்க ஒரு வழி: பிள்ளைக்குத் தெரியாமல், சில முறை தோட்டா போடாமல் போல்ட்டை மூடிக் கொடுங்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்திருக்கச் சொல்லுங்கள். விசையை இழுக்கும்போது குழல் துள்ளினால் பயம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே .22-க்குத் திரும்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள். சாவி பெரியவர்களிடம்.