ரோட்மேப்பைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ப்ராடக்ட் மேனேஜர், ரோட்மேப் ஷீட்டின், அதாவது எந்த ஃபீச்சர் எப்போது வரும் என்ற திட்டத்தின், லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பப்போவதாகச் சொன்னார். "எல்லோருக்கும்னா யாருக்கு?" என்று கேட்டேன். "எல்லோருக்கும்தான். ஒளிக்க என்ன இருக்கு?" என்றார். சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில், இதே பெருமையோடு, நானும் இதையே சொன்னேன். அதனால்தான் இந்தப் பட்டியல். எழுத்துப்பிழை பார்ப்பது, மீட்டிங்குக்கு நேரத்தோடு போவது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

வேலை செய்யும் ஷீட்டையே வெளியே கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஷீட்டில் ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரு வரி. அதில் எந்தக் குழு செய்கிறது, எது முடிந்தால் இதைத் தொடங்கலாம், எப்போது முடியலாம், அந்தத் தேதியில் எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று தனித்தனி நெடுவரிசைகள். சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் பல மென்பொருள்களுக்குள் நுழையும் வசதி) வரியில் தேதி 'செப்டம்பர்', நம்பிக்கை '30%'. சேல்ஸ் குழுவுக்கு லிங்க் அனுப்பும் முன் ஷீட்டைக் கொஞ்சம் அழகுபடுத்தினேன். குறிப்புகள் இருந்த நெடுவரிசையையும் நம்பிக்கை நெடுவரிசையையும் மறைத்தேன், பார்க்கக் கசகசவென்று இருந்தது என்பதற்காக. தேதியை அப்படியே விட்டேன். எங்கள் சந்தேகத்தை மட்டும் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

சேல்ஸில் ஒருவர் அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்லைடில் ஒட்டினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் கிடைத்ததை வைத்து அவர் தன் வேலையைச் செய்தார். ஸ்லைடைப் பார்த்த வாடிக்கையாளர், ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் 'செப்டம்பர் 30-க்குள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல, அதுவும் சேர்ந்தது. ஜூலையில் நாங்கள் அந்த ஃபீச்சரை அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம். ஷீட்டில் உடனே மாற்றியும்விட்டேன். 'லைவ் ஷீட்தானே, எல்லோரும் புதுசைத்தான் பார்ப்பார்கள்' என்பது என் நினைப்பு. ஷீட் மாறும், சரி. ஸ்கிரீன்ஷாட் எப்படி மாறும்?

அக்டோபரில் ஒரு காலை, சப்போர்ட்டிலிருந்து ஒரு மெயில் ஃபார்வர்ட் ஆகி வந்தது. கீழே வாடிக்கையாளர் எழுதியிருந்தது ஒரே வரி: 'எங்கே?' இரண்டு இன்ஜினியர்களை வேறு வேலையிலிருந்து பிடுங்கி ஏழு வாரம் இதில் உட்காரவைத்தோம். அவர்கள் விட்டுவந்த வேலை தாமதமாகி இன்னொரு வாடிக்கையாளரோடு உரசல். அப்புறம் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, நான் கேள்விப்பட்டே இராத ஒன்றைப் பொறுமையாக விளக்கினார். இன்னும் வராத ஒரு ஃபீச்சரைக் குறிப்பிட்டு ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்தால், ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி அது தனிக் கடமையாகக் கருதப்படலாம். அப்படி ஆனால், பணம் கைக்கு வந்திருந்தாலும் அந்த ஃபீச்சருக்குரிய பங்கை, அதைக் கொடுத்து முடிக்கும்வரை வருமானமாகக் காட்ட முடியாது. நான் மறைத்த ஒரு நெடுவரிசை அங்கே வரைக்கும் போய் நின்றது.

இன்னொன்று: நெடுவரிசையை மறைப்பது பூட்டு இல்லை. கூகுள் ஷீட்ஸில் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தாலும், ஷீட்டைப் பிரதி எடுக்க முடிகிறவர் தன் பிரதியில் மறைத்ததையெல்லாம் திறந்துகொள்ளலாம். பார்வையாளர்கள் டவுன்லோட், பிரின்ட், காப்பி செய்வதைத் தடுக்க ஷேர் அமைப்புகளில் ஒரு டிக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் தடுக்க முடியாது. வெளியே போகக்கூடாத விஷயம் அந்த ஃபைலிலேயே இருக்கக்கூடாது.

இப்போது என்னிடம் இரண்டு ஆவணங்கள். ஒன்று குழுவுக்குள் மட்டும். மற்றது வெளியே போவது. இரண்டாவதை நானே கையால் எழுதுகிறேன், ஃபார்முலா போட்டு இழுப்பதில்லை. கையால் எழுதினால்தான் 'இந்த வரி நாளை ஒரு ஒப்பந்தத்தில் போய் உட்கார்ந்தால் சமாளிப்போமா?' என்று ஒவ்வொரு வரியிலும் யோசிக்கத் தோன்றுகிறது. தேதி நெடுவரிசையே அதில் கிடையாது. ரோட்மேப் போடும் மென்பொருளான ப்ராட்பேடின் நிறுவனர்களில் ஒருவரான ஜன்னா பாஸ்டோ பிரபலப்படுத்திய 'இப்போது, அடுத்து, பிறகு' என்ற மூன்று கட்டங்கள்தான். அதையும் 'அடுத்து என்றால் அடுத்த மாதம்' என்று மொழிபெயர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கட்டத்துக்குக் கீழேயே 'தேதி முடிவாகவில்லை' என்று எழுதிவிடுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே வடிவம்

சப்போர்ட்டுக்கு வேண்டியது அடுத்த இரண்டு வாரத்தில் என்ன மாறுகிறது, அதைப் பற்றி என்ன கேள்வி வரும் என்பது. நிர்வாகத்துக்கு எதில் பணம் போகிறது, ஏன் என்பது. சேல்ஸுக்கு வேண்டியது வாடிக்கையாளரிடம் அப்படியே வாசிக்கக்கூடிய வாக்கியங்கள். அவற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

'ரகசியம்' என்று மேலே போடுவது

இதுவரை யாரையும் தடுத்ததில்லை.

அடுத்து வரப்போவதை முந்திக்கொண்டு வெளியுலகுக்குச் சொல்வது

ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் கதையை இந்தத் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். கடைகளில் ஆஸ்போர்ன் 1 இருக்கும்போதே அதைவிட நல்ல மாடல் வருகிறது என்று 1983-ல் சொன்னார்கள். வாங்க வந்தவர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். அதே வருடம் செப்டம்பரில் நிறுவனம் திவால். அது ஒன்றுதான் காரணமா என்று இன்றும் வாதம் நடக்கிறது, போட்டியும் நிர்வாகக் கோளாறும் இருந்தன. ஆனால் சின்ன அளவில் இதை நானே பார்த்திருக்கிறேன். புதிய ரிப்போர்ட் பக்கம் வருகிறது என்று சொன்ன மாதத்தில், பழைய ரிப்போர்ட் பக்கத்துக்காகப் பணம் கட்டவிருந்த இரண்டு பேர் 'அது வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்றார்கள்.

சத்தமில்லாமல் நகர்த்துவது

தள்ளிப்போன ஒன்றை யாருக்கும் சொல்லாமல் 'அடுத்து' கட்டத்திலிருந்து 'பிறகு' கட்டத்துக்கு இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அதைக் கேட்டு வாங்கிய ஆள் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடுவார். வெளியே போகும் பக்கத்தின் தலையில் மூன்று வரி எழுதுங்கள்: எது நகர்ந்தது, ஏன், யாருக்குப் பாதிப்பு. கைவிட்டது என்றால் 'கைவிட்டோம்' என்றே எழுதுங்கள். 'மறுபரிசீலனையில்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதிகம் பாதிக்கப்படுகிறவருக்கு, பக்கம் வெளியாவதற்கு முந்தைய நாளே போன் போட்டுவிடுங்கள்.

வாராவாரம் அனுப்புவது

மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் திறக்கமாட்டார்கள். மாதம் ஒன்று போதும்.

கொடுத்த அனுமதியை மறந்துவிடுவது

வேலையை விட்டுப் போனவர், முடிந்துபோன ப்ராஜெக்ட்டின் பார்ட்னர், 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்று அவசரத்தில் தட்டிவிட்டது. காலாண்டுக்கு ஒருமுறை ஷேர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாகப் பாருங்கள், பத்து நிமிட வேலை. இதை எழுதும்போது அந்தப் பழைய ஷீட்டின் லிங்க்கை வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்தேன். திறந்தது. சிங்கிள் சைன்-ஆன் வரி அங்கேயே இருக்கிறது, நம்பிக்கை நெடுவரிசை மட்டும் இன்னும் மறைந்தே இருக்கிறது. இப்போதுதான் மூடினேன்.