மூன்றாண்டு விதியும் ஊரில் தங்கிய மாதங்களும்: அமெரிக்கக் குடியுரிமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து கிரீன் கார்டில் வாழ்பவர் மற்றவர்களைப் போல ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றே ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தச் சலுகை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குரிய நிபந்தனைகளில் "பதினெட்டு மாதம் அங்கே இருந்தால் போதும்" என்ற ஒன்று மட்டும்தான் வாய்வழியாகப் பரவியிருக்கிறது. ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

சட்டம் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போடுகிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பாதி நாட்களாவது, அதாவது 548 நாட்கள், அமெரிக்காவுக்குள் இருந்திருக்க வேண்டும். இது வெறும் கூட்டல். மற்றொன்று தொடர் வசிப்பு, அதாவது உங்கள் வீடு இடைவிடாமல் அமெரிக்காவிலேயே இருந்ததா என்பது. இதில் மொத்த நாட்களைவிட, ஒவ்வொரு பயணமும் எவ்வளவு நீண்டது என்பதுதான் முக்கியம். மூன்றாண்டில் 800 நாட்கள் அமெரிக்காவில் இருந்தவர்கூட, ஒரே பயணத்தில் ஏழு மாதம் வெளியே தங்கியிருந்தால் நேர்காணலில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு பயணம் ஆறு மாதத்தைத் தாண்டி, ஓராண்டு முடிவதற்குள் திரும்பினால், தொடர் வசிப்பு முறிந்துவிட்டது என்ற அனுமானத்துடன்தான் அதிகாரி தொடங்குவார். முறியவில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. பலர் இந்த இடத்தில் தவறான கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 10 அன்று கிளம்பியவர், குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ஆகஸ்ட் 2 அன்று திரும்புகிறார். வெளியே இருந்தது 203 நாட்கள். நேர்காணலுக்கு மருத்துவமனைச் சான்றிதழ்களை மட்டும் கட்டிக்கொண்டு போகிறார். அந்தச் சான்றிதழ்கள் அவர் ஏன் போனார் என்பதைச் சொல்லும். அந்த மாதங்களில் அவருடைய வீடு எங்கே இருந்தது என்பதைச் சொல்லாது. அதிகாரி தேடுவது இரண்டாவதைத்தான்.

அதற்குத் தேவையானவை வேறு: இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், அந்த மாதங்களின் வாடகை போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு, கணவர் அதே ஊரில் வேலையில் இருந்ததற்கான சம்பளச் சீட்டுகள், இவருக்கு வேலை இருந்தால் விடுப்பு அனுமதித்த கடிதம், புதுப்பிக்கப்பட்ட கார் காப்பீடு. விதிமுறை சொல்வதும் இதைத்தான். அமெரிக்க வேலையை விடாமல் இருந்தது, வெளிநாட்டில் வேலை தேடிக்கொள்ளாதது, நெருங்கிய குடும்பத்தினர் அமெரிக்காவிலேயே இருந்தது, அங்குள்ள வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பக்கூடிய நிலையில் இருந்தது ஆகியவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாக நிற்கும். மாறாக, வேலையை ராஜினாமா செய்து, வீட்டைக் காலி செய்து, சாமான்களை நண்பர் வீட்டு கராஜில் போட்டுவிட்டு வந்தவருக்கு எட்டு மாதப் பயணத்தை நியாயப்படுத்துவது மிகவும் கடினம்.

ஓராண்டு அல்லது அதற்கு மேல் வெளியே இருந்தால் வாதத்துக்கே இடமில்லை. தொடர் வசிப்பு முறிந்தது முறிந்ததுதான். இங்கே வரும் தவறான நம்பிக்கைகளில் பிடிவாதமானது ரீ-என்ட்ரி பெர்மிட் பற்றியது. ஐ-131 படிவம் கொடுத்து வாங்கும் இந்த அனுமதி பொதுவாக இரண்டு ஆண்டுகள் செல்லும். நீண்ட நாள் வெளியே இருந்தாலும் நிரந்தரக் குடியிருப்பாளராகத் திரும்பி வர அது உதவும்; அதற்கு மேல் எதுவும் செய்யாது. குடியுரிமைக்கான கடிகாரத்தை அது காப்பாற்றுவதில்லை. "பெர்மிட் வாங்கித்தானே போனேன்" என்ற பதிலால் நேர்காணலில் பயனில்லை. தொடர் வசிப்பைக் காப்பது என்-470 என்ற வேறொரு படிவம். அது அமெரிக்க அரசு, அமெரிக்க நிறுவனம் போன்ற குறிப்பிட்ட வகை முதலாளிகளுக்காக வெளிநாடு செல்பவர்களுக்கு மட்டுமே. அதற்கும் முன்னதாக, கிரீன் கார்டு பெற்ற பிறகு ஓராண்டு இடைவெளியே இல்லாமல் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ நிலத்தகராறைத் தீர்க்கவோ வந்தவர்களுக்கு அந்த வழி திறக்காது.

முறிந்த பிறகு எத்தனை நாள் காத்திருப்பது? திரும்பிய நாளிலிருந்து இரண்டு ஆண்டும் ஒரு நாளும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. அது சரியானதே, ஆனால் பாதி மட்டும்தான். ஒருவர் 2023 ஜனவரியில் கிளம்பி 2024 பிப்ரவரி 10 அன்று திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். 2026 பிப்ரவரி 11 அன்று விண்ணப்பித்தால், பின்னோக்கிப் பார்க்கும் மூன்றாண்டுக்குள் அவருடைய பயணத்தில் ஓராண்டுக்குச் சற்றே குறைவான பகுதி இன்னும் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் என்பதால் அதே பழைய அனுமானம் திரும்பவும் வரும். இரண்டரை ஆண்டு கழித்துப் போனால் அந்தத் தலைவலி இல்லை. கையில் வலுவான ஆவணங்கள் இல்லாதவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆறு மாதம் காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஐந்து மாதம் ஊரில், இரண்டு வாரம் அமெரிக்காவில், மீண்டும் ஐந்து மாதம் ஊரில் என்று காலடி வைத்துவிட்டுத் திரும்பும் உத்தியையும் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எந்தப் பயணமும் ஆறு மாதத்தைத் தொடாததால் அந்த அனுமானம் எழாது என்பது உண்மை. ஆனால் 548 நாள் கணக்கு நிறையாது. அதைவிட ஆபத்து, இப்படி வாழ்பவரின் உண்மையான வீடு எது என்ற கேள்வி எழும். அது குடியுரிமையோடு நிற்காமல் கிரீன் கார்டையே தொடலாம். என்-400 எனப்படும் குடியுரிமை விண்ணப்பம் கொடுத்தவுடன் பழைய கோப்பு முழுவதும் மேசைக்கு வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

திருமண வழியில் வருபவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. மூன்று ஆண்டுகளும் வாழ்க்கைத்துணையோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளும் அவர் குடிமகனாகவே இருந்திருக்க வேண்டும். கணவர் போன வருடம்தான் குடியுரிமை பெற்றார் என்றால், திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தாலும் மூன்றாண்டு விதி இன்னும் பொருந்தாது. அதேபோல் மனைவி கோயம்புத்தூரில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள, கணவர் டெக்சாஸில் தனியே இருந்தால், திருமணம் சட்டப்படி செல்லும். சேர்ந்து வாழ்ந்ததற்குக் கணக்கில் வருமா என்பது வேறு. படைப்பணி, தவிர்க்க முடியாத தொழில் காரணம் போன்ற பிரிவுகளுக்கு விலக்கு இருக்கிறது. விருப்பப்படி பிரிந்திருப்பது அதில் சேராது. குடியுரிமை பெறும் நாளின் உறுதிமொழி எடுப்பதற்கு முன் விவாகரத்து ஆகிவிட்டாலும் இந்த வழி மூடிவிடும். அப்படிப்பட்டவர்கள் ஐந்தாண்டு விதியில், அதில் பாதியான 913 நாட்கள் கணக்கோடு, விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுப் பெட்டியில் டிக் போட்டுவிட்டு ஐந்தாண்டுத் தகுதியைக் கையில் வைத்திருப்பவர்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒரு சலுகை பலர் கண்ணில் படுவதே இல்லை. அமெரிக்கக் குடிமகனான கணவரையோ மனைவியையோ அமெரிக்க அரசோ, அமெரிக்க நிறுவனமோ ஓராண்டுக்குக் குறையாமல் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பியிருந்தால், உடன் செல்லும் துணைக்கு இந்த வசிப்புக் காலமும் நாள் கணக்கும் தேவையே இல்லை. கிரீன் கார்டு இருக்க வேண்டும். நேர்காணலுக்கும் உறுதிமொழிக்கும் அமெரிக்காவில் இருக்க வேண்டும். துணையின் வெளிநாட்டுப் பணி முடிந்ததும் அமெரிக்காவில் குடியேறும் எண்ணம் இருக்க வேண்டும். இது தெரியாமல் சென்னை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, குடியுரிமை போயிற்று என்று உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் முதலாளி எந்த நாட்டு நிறுவனம் என்பதை முதலில் பார்க்கட்டும்.

நாட்களை நினைவிலிருந்து எழுதுவதும் வழக்கமான தவறு. கிளம்பிய நாளும் வந்து இறங்கிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். 24 மணி நேரத்துக்குள் முடிந்த எல்லைப் பயணங்களை எழுத வேண்டியதில்லை. கனடாவில் இரண்டு இரவு தங்கியதை எழுத வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகள், விமான டிக்கெட் மின்னஞ்சல்கள், அமெரிக்காவுக்கு வந்து போவதைப் பதியும் ஐ-94 இணையதளத்தில் கிடைக்கும் பயண வரலாறு ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். தரை வழியாக வெளியேறியது அந்தப் பயண வரலாற்றில் விட்டுப்போவதுண்டு.

வரிக் கணக்கில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. ஊரில் இருந்த ஆண்டில் வரி குறையுமே என்று "அமெரிக்காவில் வசிக்காதவர்" என்று கணக்குக் கொடுத்தால், வசிப்பைக் கைவிட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். ஆடிட்டர் சொன்னார் என்பது அங்கே பதிலாகாது.

மூன்றாண்டு முடிய 90 நாட்கள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை தொடர் வசிப்புக் காலத்துக்கானது. 548 நாட்கள் விண்ணப்பிக்கும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்திலோ குடியேற்றத் துறையின் மாவட்டத்திலோ மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஊரிலிருந்து திரும்பியதும் புதிய மாநிலத்தில் வீடு பிடிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று ஏழு மாதம் ஊருக்கு வருவதும் கூடாது. தொடர் வசிப்பு உறுதிமொழி நாள் வரை நீள வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் என்-336 படிவம் கொடுத்து மறு விசாரணை கேட்கலாம். ஆவணம் இருந்தும் அதிகாரி ஏற்கவில்லை என்றால் அது பயன்படும். நாட்களே குறைந்திருந்தால் அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தி, கணக்கு நிறைந்த பிறகு புதிய என்-400 போடுங்கள்.