சித்திரை மாசத்து மரங்களை அக்ரிலிக்ல வரையலாம் வாங்க (புதுசா பிரஷ் பிடிக்கிறவங்களுக்கு)

வசந்தகால பெயிண்டிங்னு தேடினா முக்காவாசி பிங்க் கலர் செர்ரி மரம்தான் வருது, அழகுதான், ஆனா பங்குனி சித்திரையில நம்ம தெருவுலயே தளிர் விட்டு நிக்கிற புங்கமரத்தையும் சரம் சரமா தொங்குற கொன்றையையும் வச்சு ஆரம்பிக்கறது நல்லது, சந்தேகம் வந்தா வெளிய போய் மரத்தையே பார்த்துக்கலாம்.

ஏ4 சைஸ் கேன்வாஸ் போர்டு இல்லன்னா 300 ஜிஎஸ்எம் (அதாவது நல்ல தடிமனான) பேப்பர், அஞ்சே அஞ்சு அக்ரிலிக் டியூப் (லெமன் எல்லோ, அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு, கிரிம்சன்ங்கிற அடர்சிவப்பு, டைட்டானியம் ஒயிட்), அகல பிரஷ் ஒண்ணு, சின்ன ரவுண்ட் பிரஷ் ஒண்ணு, முடி பரட்டையா போன பழைய பிரஷ் ஒண்ணு. கறுப்பும் ரெடிமேட் பச்சையும் வாங்கவே வேண்டாம்.

முதல்ல வானம். கீழேர்ந்து மூணுல ஒரு பங்குல அடிவானக் கோடு போட்டுட்டு, உச்சியில ப்ளூவும் ஒயிட்டும், கீழ வர வர ஒயிட்டைக் கூட்டிக்கிட்டே வாங்க, காயறதுக்குள்ள வேகமா இழுத்துடணும். தரைக்கு பர்ன்ட் சியன்னாவும் ஒயிட்டும் போதும். தூரத்து மரங்களை வெளிறின நீலப்பச்சையில ஒரு பட்டையா தீட்டிடுங்க, இலையெல்லாம் போடாதீங்க, தூரம் போகப் போக எல்லாமே மங்கி நீலமாத்தான் தெரியும்.

அடுத்து புங்கமரம். ப்ளூவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தா நல்ல டார்க் கிடைக்கும், கொஞ்சம் ஒயிட் சேர்த்து அடிமரமும் கிளையும் போட்டுக்கோங்க, கிளை மேல போகப் போக மெலியணும்.

இப்பதான் முக்கியமான இடம், பச்சை. லெமன் எல்லோவை நிறைய எடுத்து அதுல ப்ளூவை பிரஷ் நுனியில தொட்டுத் தொட்டு சேர்க்கணும், ப்ளூவுல எல்லோவைக் கொட்டினீங்கன்னா டியூப் காலியாகும், தளிர் நிறம் வராது. இதே மாதிரி மூணு பச்சை வேணும்: நிழலுக்கு ப்ளூ கூடவும் துளி பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த டார்க், நடுத்தரம் ஒண்ணு, தளிருக்கு மஞ்சள் தூக்கலா ஒண்ணு. அக்ரிலிக் காஞ்சா கொஞ்சம் டார்க்காகும், அதனால தேவையானதைவிட லைட்டாவே கலக்குங்க. பரட்டை பிரஷ்ஷால டார்க்கை கொத்து கொத்தா ஒத்தி, காய விட்டு, அது மேல நடுத்தரம், கடைசியா வெயில் படுற பக்கம் மட்டும் தளிர்ப்பச்சை. நடு நடுவுல வானம் தெரியற மாதிரி ஓட்டை விடுங்க, இது ரொம்ப அவசியம், விடலைன்னா மரம் பச்சைச் சுவர் மாதிரி ஆயிடும். புங்கந்தளிர் பிறக்கும்போது செம்பு நிறமா இருக்கும், அதுக்கு நாலஞ்சு இடத்துல நுனியில கிரிம்சனும் பர்ன்ட் சியன்னாவும் லேசா தொட்டு வைங்க.

கொன்றைக்கும் கிளை, டார்க் பச்சை அதே மாதிரிதான், ஆனா பூக்குற நேரத்துல இலை கம்மி. லெமன் எல்லோவை நேரா டார்க் மேல வச்சா அழுக்குப் பச்சையாத்தான் தெரியும், அதனால பூ வர்ற இடத்துல முதல்ல ஒயிட்டால சரங்களை மேலேர்ந்து கீழ தொங்கற மாதிரி புள்ளி வைங்க, அது நல்லா காஞ்சப்புறம் மேல மஞ்சள். இந்த ஒரு வேலையில பொறுமையா இருந்தா மரமே பளிச்னு எழுந்து நிக்கும்!

தரை நிழலுக்கு ப்ளூவும் கிரிம்சனும் தண்ணியா கலந்து, வெயிலுக்கு எதிர்ப்பக்கம் படுக்க வச்ச மாதிரி ஒரு இழுப்பு. கொன்றை அடியில உதிர்ந்த பூவுக்கு அங்கங்க மஞ்சள் புள்ளி.

முடிச்ச உடனே பிரஷ்ஷைக் கழுவிடுங்க, முடியில அக்ரிலிக் காஞ்சுட்டா அப்புறம் தண்ணியில வராது.