முதல் துப்பாக்கி வாங்குமுன்: எந்த வகை, எந்த லைசென்ஸ்?

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு துப்பாக்கியைப் பார்த்து, அதற்கப்புறம் லைசென்ஸுக்கு அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் இந்த வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் தேவை, அடுத்தது சட்டம் அதை வைக்கும் வகை, பிறகு லைசென்ஸ். கடை கடைசியில்தான்.

படி 1: எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

தற்காப்பா, பயிர்ப் பாதுகாப்பா, விளையாட்டா? விண்ணப்பத்திலும் இதைத்தான் கேட்பார்கள். தற்காப்பு என்றால் உங்களுக்கு உண்மையிலேயே அச்சுறுத்தல் இருக்கிறதா என்று போலீஸ் விசாரிக்கும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கி லைசென்ஸ் என்பது விலங்கைச் சுடும் அனுமதி அல்ல. காட்டுப்பன்றி வாழையை மொத்தமாகச் சாய்த்துப் போட்டிருந்தாலும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. அதற்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். இது தெரியாமல் வழக்கில் மாட்டிக்கொள்வது பரிதாபம்.

படி 2: சட்டம் எதைப் பார்த்துப் பிரிக்கிறது?

பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்தான் அடிப்படை. பார்க்கப் பயங்கரமாக இருக்கிறதா என்பது சட்டத்துக்கு முக்கியமே இல்லை. எப்படிச் சுடுகிறது, எந்தத் தோட்டாவை ஏற்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது.

விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் தானியங்கிகள் தடை செய்யப்பட்ட ஆயுதங்கள். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டாக்களுக்கான துப்பாக்கிகளும் சாதாரண மக்களுக்குக் கிடைக்காது. 9 மி.மீ. பிஸ்டல், .303 ரைபிள் ஆகியவை அந்தக் கணக்கில் வரும். கடைக்காரர்கள் இவற்றைச் சுருக்கமாக ‘பி.பி.’ (புரோஹிபிட்டட் போர், தடை செய்யப்பட்ட போர்) என்பார்கள். மற்றவை ‘என்.பி.பி.’ (நான்-புரோஹிபிட்டட் போர், தடை இல்லாதவை). இதில் ‘போர்’ என்பது சண்டை அல்ல, குழலின் உள்விட்டம். மாவட்ட ஆட்சியரோ, பெருநகரங்களில் போலீஸ் கமிஷனரோ தரும் லைசென்ஸ் என்.பி.பி.க்கு மட்டும்தான். பி.பி. என்றால் மத்திய அரசு.

இந்தியாவில் .32 ரிவால்வரும் .315 ரைபிளும் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது இப்போது புரியும். .303-க்கும் .315-க்கும் பெயரளவில் வித்தியாசம் நூலிழைதான். ஆனால் .303 ராணுவத் தோட்டா, .315 அப்படியல்ல. அந்த நூலிழைதான் சட்டத்தின் கோடு.

எண்களைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். .32 என்பது அங்குலக் கணக்கு, சுமார் 8 மி.மீ. ‘12 போர்’ வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ அதுதான் குழலின் அளவு, சுமார் 18.5 மி.மீ. ஆகவே 20 போர், 12 போரைவிடச் சிறியது. புதியவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான்.

12 போர் துப்பாக்கி என்.பி.பி. என்றாலும் அதன் குழல் 20 அங்குலத்துக்குக் குறைந்தால் கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குப் போய்விடும். அதற்கென லைசென்ஸ் இல்லாமல் குழலை வெட்டிச் சுருக்குவது தனிக் குற்றம்.

காற்றுத் துப்பாக்கி எளிது. குழல் 4.5 மி.மீ.க்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம்.

படி 3: உடம்புக்குப் பொருந்துகிறதா?

முதலில் கண். குறி பார்க்கும்போது எந்தக் கண் ஓங்கி நிற்கிறது என்று தெரிய வேண்டும். இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவே சிறு ஓட்டை விடுங்கள். அதன் வழியே எதிர்ச்சுவர்க் கடிகாரத்தை இரு கண்களாலும் பாருங்கள். இடக்கண்ணை மூடியபோதும் கடிகாரம் தெரிந்தால் உங்களுக்கு வலக்கண் ஓங்கியது. மறைந்தால் இடக்கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஓங்கலும் சேர்ந்திருந்தால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்து கட்டையின், அதாவது தோளில் பதியும் பின்பகுதியின், நீளம். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அந்த மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரல் விசை வரை சிரமமில்லாமல் எட்டினால் ஏறக்குறைய சரி. துப்பாக்கி காலியாக இருப்பதை நீங்களும் கடைக்காரரும் பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால், துப்பாக்கி மேல் ஆசை இருப்பவர் ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் காற்று ரைபிளில் தொடங்குவதே நல்லது. அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், அதுகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது இந்தப் பிரிவில்தான். என் பயிற்சியாளர் முதல் வாரம் முழுக்க எனக்கு ஒரு குண்டுகூடத் தரவில்லை. தூக்கு, மூச்சை விடு, நில், இறக்கு. அவ்வளவுதான். அந்த வாரத்தில் கற்றதுதான் இன்றைக்கும் என் கையைக் காக்கிறது.

படி 4: விண்ணப்பம்

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். அடையாள, முகவரிச் சான்றுகள், மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைக்க வசதி இருப்பதற்கான உறுதிமொழி ஆகியவை வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் 5 ஆண்டுகள் செல்லும். சாதாரணமாக ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு.

படி 5: வாங்கிய பிறகு

லைசென்ஸில் எழுதியிருக்கும் வகையை மட்டும், உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். குழலில் பொறித்த எண்ணும் லைசென்ஸில் ஏறும் எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறு பூட்டுக்குள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். காவல் நிலையத்தில் கொடுக்கும்போது எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கி லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள். திரும்பப் பெறும் நாளில் அந்தத் துண்டுச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.